ஏழாவது கட்டத்தில் நான் எழுதியது

அன்புள்ள மகனுக்கு,

முனியாண்டியின் மகன் சந்திரசேகரன் ஆகிய நான், வயது ஐம்பது, மலாக்கா புக்கிட் காத்திலில் குடியிருப்பவன், பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆவணக் கட்டுப்பாட்டு அலுவலராகப் பணியாற்றி வருபவன், தெளிந்த மனத்துடன் இக்கடிதத்தை எழுதுகிறேன். நோக்கம் இரண்டு. உனக்கு நன்றி சொல்வது ஒன்று. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த ஒரு விடைக்காக, பலரும் படிக்கும்படி உன்னிடம் மன்னிப்புக் கேட்பது மற்றொன்று. எதிரில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா முதல் வரியைப் படித்துவிட்டு, "மகனுக்கு எழுதுறீங்களா, கோர்ட்டுக்கு எழுதுறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

என் பெயரை முழுமையாக எழுதினேன். உன் பெயரை இக்கடிதத்தில் எங்கும் எழுதப்போவதில்லை. ஒருமுறை உன்னைக் கேட்காமல் எழுதியது போதும். இம்முறை கேட்டுவிட்டேன். நேற்றுத் தொலைபேசியில், உனக்கு எழுதும் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்பலாமா என்றதற்கு நீ, "பேரு மட்டும் வேணாம்பா. மத்தபடி போடுங்க. ஆனா நீங்க எழுதினா அவங்களுக்குப் பேப்பர் பத்தாது லா" என்றாய். எதைப் பற்றிய கடிதம் என்று நீ கேட்கவில்லை. கேட்காததைக் குறித்துக்கொண்டேன். இருந்தாலும் இது முதலில் உன் கைக்கு வரும். படித்தபின் உன் மனம் மாறினால் இது உன்னோடு நின்றுவிடும்.

போர் நம் நாட்டில் நடக்கவில்லை. நம் கூரைமேல் எதுவும் விழவில்லை. நம் தெருப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்குப் போய் மதியம் திரும்பி வந்தார்கள். இதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பொதுவாகச் சொல்லிவிட்டு வருகிறேன். ஆனாலும் போர் நம்மிடம் வந்து சேர்ந்தது. வரவேண்டிய கப்பல்கள் வராததுதான் அதன் முதல் அறிகுறி. எங்கள் தொழிற்சாலையின் மூலப்பொருள் பெட்டகங்கள் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தன. மிகைநேர வேலை நின்றது. சுங்கை ரம்பாயில் உன் அத்தை தன் செம்பனைக்கு உரம் வைப்பதைப் பாதியாகக் குறைத்தாள். மானிய விலைச் சமையல் எண்ணெய் ஆளுக்கு இரண்டு பொட்டலம்தான் என்று நம் மளிகைக் கடையில் அட்டை தொங்கியது. அதற்கும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். உன் அம்மா, "எண்ணெய்க்கு எதுக்குங்க ஐசி? நான் என்ன பேங்குல கணக்கா தொறக்க வந்தேன்?" என்று கேட்டாள். கடைக்காரர், "பெராங் லா அக்கா. நான் என்ன செய்ய?" என்றார்.

பெராங் என்றால் மலாயில் போர். அந்தச் சொல் நம் ஊரில் அடைந்த பதவி உயர்வை நான் கவனித்துவந்தேன். முட்டை விலை ஏன் ஏறியது? பெராங். பேருந்து ஏன் குறைந்தது? பெராங். கோயில் திருவிழாவுக்குப் பந்தல்காரர் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்? அதுவும் பெராங். சில இடங்களில் அது உண்மையாகவே இருந்தது. சில இடங்களில் வசதியாக இருந்தது. எப்படியாயினும், அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேள்விகளுக்கும் ஆவணங்களுக்கும் நடுவிலேயே வாழ்க்கையைக் கழித்த நான் அதில் ஓர் ஆபத்தைக் கண்டிருக்க வேண்டும். காணவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து, விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் இணைப்பிக்கு, நாங்கள் அதுவரை கண்டிராத அளவில் ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இயந்திரங்கள் ஓடின. நீ அப்போது இரண்டாம் மாடியில் ஒப்பந்தத் தொழில்நுட்பராக இருந்தாய். ஒருநாள் காரில் வீடு திரும்பும்போது, "இது எதுக்குள்ள போகுதுப்பா?" என்று கேட்டாய். "வரைபடத்தில் பாகத்தின் எண் மட்டும்தான் இருக்கிறது. பயன்பாடு இல்லை" என்றேன். "நீங்க கேக்கலையா?" என்றாய். "அது என் பணி வரம்பில் இல்லை" என்றேன். அது துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போயிருக்கலாம், வேறொன்றுக்குள்ளும் போயிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: நம் படுக்கையறைக் குளிர்சாதனம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் கூலியில் வந்தது. அதன் கீழே நான் நன்றாகத் தூங்கினேன்.

நீ தூங்கவில்லை போலும். நகரத் திடலில் ஒரு மாலை, போரை நிறுத்தச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றி நின்றவர்களில் நீயும் ஒருவன். கூச்சல் இல்லை, உரை இல்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கலைந்தீர்கள். முன்னறிவிப்பு முறையாகக் கொடுக்கப்படவில்லை என்று ஏற்பாட்டாளர்களைக் காவல் நிலையத்தில் விசாரித்தார்கள். உங்களில் சிலரிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு மரியாதையாக அனுப்பினார்கள். நான் அன்று உன்னிடம் கேட்டது, ஏன் போனாய் என்பதல்ல. "முன்னறிவிப்பு இல்லை என்று தெரிந்தும் போனாயா?" என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, "செத்தவங்களுக்கும் யாரும் முன்னறிவிப்பு குடுக்கலப்பா" என்றாய். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் படிவம் வந்தது. அந்த வாடிக்கையாளர் கேட்டதன்பேரில் ஊழியர் எல்லாரும் நிரப்பித் தர வேண்டிய ஒரே பக்கம், பத்துக் கட்டங்கள். ஏழாவது கட்டத்தில், நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ இப்போர் தொடர்பான கூட்டம், பரப்புரை, சமூக ஊடகப் பதிவு எதிலேனும் பங்குகொண்டதுண்டா, உண்டெனில் விவரம் தருக என்று இருந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், இது தற்காலிக நடவடிக்கை, போர்ச் சூழல் நீடிக்கும் வரை மட்டும் என்று ஒரு குறிப்பு. என் பக்கத்து மேசையில் இருக்கும் மேகலா, தன் பெயரைப் போடலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார், அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டார். "எனக்குக் குடும்பம்னா பூனை ஒண்ணுதான் அண்ணே. அது ஊர்வலம் போகல" என்றார். என் பேனா ஏழாவது கட்டத்தில் நிற்பதைப் பார்த்து, "தியாடா போட்டுட்டு வாங்க லா. டீ ஆறுது" என்றார். தியாடா என்றால் இல்லை.

நான் இல்லை என்று எழுதவில்லை. ஆம் என்று எழுதினேன். மகன் என்று எழுதினேன். உன் முழுப் பெயர், கூடிய இடம், நாள், நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். உன் அடையாள அட்டை எண்ணை யாரும் கேட்கவில்லை. விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்று அதையும் எழுதினேன். பன்னிரண்டு இலக்கங்களையும் தாளைப் பார்க்காமல் எழுத முடிந்ததில் எனக்குச் சிறு பெருமைகூட இருந்தது. பொய் அறிக்கை தருவது குற்றம், உண்மை யாரையும் கெடுக்காது என்பவை என் நியாயங்கள். இரண்டும் பள்ளிக்கூடச் சுவரில் எழுதத் தக்கவை. ஆனால் அக்கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா, உன் சார்பில் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கட்டம் இருந்தது, ஆகவே நிரப்பினேன்.

கட்டங்களைப் பற்றி உனக்கு நான் என்ன கற்பித்தேன் என்பது நினைவிருக்கும். தமிழ்ப்பள்ளியில் நீ ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது, கல்விச் சுற்றுலாப் படிவத்தில் ஒவ்வாமை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாய். உன்னைத் திரும்ப உட்காரவைத்தேன். "ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே. வெறுமையான கட்டம் பூட்டாத கதவு. யார் வேண்டுமானாலும் பிறகு உள்ளே வந்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். பொருந்தாவிட்டால் குறுக்குக் கோடு போட்டுக் கையொப்பமிடு" என்றேன். எங்கள் தொழிலின் முதல் விதி அது. பேருந்து வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நீ அழுகையை அடக்கிக்கொண்டு கோடு போட்டாய். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையா என்று அன்று உன் அம்மா கேட்டதற்கு, விதி வயது பார்க்காது என்றேன். அப்படிச் சொல்லக்கூடிய மனிதனோடு இத்தனை ஆண்டு பொறுமையாக வாழ்ந்ததற்கு உங்கள் இருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

படிவம் கொடுத்து மூன்று வாரத்தில் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை நீ அம்மாவுக்குப் பிடித்த அப்பம் பாலிக்கை, கடலை நிறையத் தூவச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாய். சூடு ஆறும் முன் பிரித்துத் தட்டில் வைத்துவிட்டு, "ஆர்டர் கொறஞ்சிருச்சாம்பா. காண்ட்ராக்ட் ஆளுங்களத்தான் மொதல்ல வெட்றாங்க. பெராங் லா, என்ன செய்ய" என்றாய். நான், "ஒரு மாத அறிவிப்பை எழுத்து மூலமாகக் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். "குடுத்தாங்கப்பா. எல்லாம் முறைப்படிதான்" என்று சொல்லிச் சிரித்தாய். ஆர்டர் குறையவில்லை என்பது என் கண்ணெதிரே இருந்த செய்தி. அந்த ஞாயிற்றுக்கிழமையும் உன் மாடியில் விளக்கு எரிந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீ சொன்ன காரணத்தை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த மாதம் உன் கோப்பு என் மேசைக்கு வந்தது. பணி முடிந்தவர் கோப்புகளுக்கு எண்ணிட்டு அடுக்குவது என் வேலை. உன் இடத்தில் வேறொருவன் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு பிரித்தேன். மேலே நீ நிரப்பிய படிவம். ஒன்பது கட்டங்கள் அழகாக நிரம்பியிருந்தன. ஏழாவது வெறுமை. கோடுகூட இல்லை. அதன் கீழே, பிணைப்பு ஊசியால் சேர்த்து, என் படிவத்தின் நகல். அதன் கீழே உன்னோடு நடத்திய சந்திப்பின் குறிப்பு, இரண்டே வாக்கியம். ஊழியரிடம் அவருடைய தந்தையின் படிவம் காட்டப்பட்டது. ஊழியர் கருத்து எதுவும் கூறவில்லை. சந்திப்பு நடந்த நாள், நீ அப்பம் பாலிக் வாங்கி வந்த நாள்.

ஆக, உனக்கு முதலிலேயே தெரியும். ஏழு என்ற இலக்கத்தின் நடுவில் நான் போடும் சின்னக் கோட்டை அந்த நகலில் பார்த்தாய். உன் எண்ணில் ஏழு மூன்று முறை வருகிறது. பார்த்துவிட்டு வந்து, நான் வருந்தக்கூடாது என்பதற்காக, கப்பல் மீதும் ஆர்டர் மீதும் பழியைப் போட்டாய். பொய் சொல்லாதே என்று உன்னை வளர்த்தவன் நான். நம் வீட்டில் சொல்லப்பட்ட பொய்களிலேயே மிகச் சுத்தமானது அதுதான். அதற்காகத்தான் இந்த நன்றி. நான் எழுதிய உண்மையில் அன்பு இல்லை, கவனம்கூட இல்லை. நீ சொன்ன பொய்யில் இரண்டும் இருந்தன. அன்று நான் அந்தக் கோப்புக்கு எண்ணிட்டேன். அடுக்கில் வைத்தேன். தேநீர் குடித்தேன். இவை நிகழ்ந்தன என்பதால் எழுதுகிறேன்.

அன்று முதல் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருப்பவர் என் தாத்தா, உனக்குக் கொள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே அவசரகாலம் நடந்தபோது அவர் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தார். காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட எடுத்துச் செல்லத் தடை. கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். தாத்தாவுக்கு வயிற்றுப்புண். காலை பத்து மணிக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் மரத்தடியில் சுருண்டுவிடுவார். தலைத்துண்டில் ஓர் உருண்டைச் சோற்றை முடிந்துகொண்டு போனார். யார் சோறு கொண்டுபோகிறார்கள் என்று அதிகாரி கேட்டபோது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார். கிராணி கெட்டவர் அல்லர். கேட்டார்கள், சொன்னார், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு போன தாத்தா திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்: எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கோயிலானாலும், வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு முறை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவசரகாலம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அவருக்கு அது முடியவில்லை. நாங்கள் சிரிப்போம்.

இந்தக் கதையை உனக்கு நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? விதியை மீறினால் இப்படித்தான் ஆகும் என்று சொன்னேன். நீ, "அப்ப கிராணிய யாரும் புடிக்கலையாப்பா?" என்று கேட்டாய். "ஏன் பிடிக்க வேண்டும்? அவர் உண்மையைத்தானே சொன்னார்" என்றேன்.  இத்தனை காலமும் அந்தக் கதையில் நான் தாத்தாவின் பேரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிராணியின் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது என்று தெரியவில்லை.

கோப்பைப் பற்றி உன் அம்மாவிடம் பதினொரு நாள் சொல்லவில்லை. சொன்ன அன்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மடித்த சட்டையை வைத்துவிட்டு, "அப்ப உங்க ஃபாரம் தப்பு" என்றாள். எங்கே தப்பு என்றேன். "குடும்பத்துல யாருன்னு கேட்டிருக்கான். நீங்க அவன் பேரை மட்டும் போட்டிருக்கீங்க. அவனுக்கு மெழுகுவத்தி வாங்கிக் குடுத்தது நானு. காத்துல அணையாம இருக்க பேப்பர் கப்பு ஓட்ட போட்டுக் குடுத்ததும் நானு. இருவது கப்பு. அதையும் எழுதுங்க, முழுசா இருக்கட்டும்."  முழுமைக்காக மகனைக் கொடுத்தவன் முழுமையாகவும் எழுதவில்லை. இப்படிப்பட்ட பெண்ணை எனக்குக் கட்டிவைத்த பெரியவர்களுக்கும் இவ்விடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

நீ ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்ட காலையில் பேருந்து நிலையத்தில் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். உன் பயணச்சீட்டில் பெயர் சரியாக உள்ளதா என்று மூன்று முறை பார்த்தேன். "பரவால்லப்பா. அங்க ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் வேலை. எதுக்குள்ள போகுதுன்னு தெரியும்" என்றாய். உன் நோக்கம் குத்துவதல்ல. மகிழ்ச்சியாகத்தான் சொன்னாய். பேருந்து நகர்ந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீடு திரும்பினேன். அதன்பின் ஐந்து மாதமாக வாரந்தோறும் தொலைபேசியில் வானிலையும் சாப்பாடும் பேசினோம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், படிவம் மறுபடியும் வந்திருக்கிறது. அங்கே போர் தணிகிறது என்கிறார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை வேலையும் குறைந்துவிட்டது. மளிகைக் கடையில் தொங்கிய எண்ணெய் அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது, படிவமும் இருக்கிறது. திருத்திய பதிப்புக்கு ஒப்புதல் முத்திரை வைப்பவன் நான் என்பதால், பழையதையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரே ஒரு மாற்றம். தற்காலிக நடவடிக்கை என்ற அடிக்குறிப்பைக் காணவில்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் அடையாள அட்டையும் அவசரகாலத்தில் பிறந்ததுதான். அவசரகாலம் போனது, அட்டை தங்கியது. அட்டையால் நமக்கு நன்மையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போர் கொண்டுவருகிற ஒவ்வொன்றையும், இது எப்போது திரும்பிப் போகும் என்று வரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரி எவ்வளவு சத்தமில்லாமல் நீங்குகிறது என்பதை இத்தொழிலில் இருக்கும் நான் சொல்லலாம்.

இம்முறை இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை மனிதவளப் பிரிவுத் தலைவி என்னை அழைத்து ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே அந்தத் திடலில் எடுத்த படம், பெரிதாக்கியது. ஊழியர் கொடுக்கும் படிவங்களை இதனோடு ஒப்பிட்டு, ஏழாம் கட்டத்தில் இல்லை என்று எழுதியவர்களின் குடும்பத்தார் யாராவது தென்படுகிறார்களா என்று குறித்துத் தர வேண்டுமாம். இத்தனை ஆண்டு இங்கே இருப்பதால் எல்லார் வீட்டு விருந்துக்கும் போயிருக்கிறேன், எல்லாருடைய பிள்ளைகளையும் தெரியும், போன முறை உண்மையாக எழுதியவனும் நான்தான் என்று பாராட்டாகச் சொன்னார். இதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு இடம் தருகிறது என்று கேட்டேன். சட்டம் அல்ல, வாடிக்கையாளரின் தேவை என்றார். பதில் சொல்ல மறுத்தால் என்ன ஆகும் என்றேன். வெறுமையாக விட்டால் ஆம் என்றே கொள்ளப்படும் என்றார். அவர் முகத்திலும் களைப்பு இருந்தது. எழுந்தபோது, ஐயா என்ற பொருளில் மலாயில் அழைத்து, தாழ்ந்த குரலில், "பெராங், என்சிக். பெராங்" என்றார்.

அந்தப் படத்தை ஒரே ஒருமுறை பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகங்கள் அதில் உண்டா இல்லையா என்பதை எழுதமாட்டேன். எழுதாததிலிருந்து நீ எதைப் புரிந்துகொண்டாலும் அது உன்னோடு இருக்கட்டும். ஒரு வீட்டின் சம்பளம், ஒரு பிள்ளையின் படிப்பு, என் பேனா முனையில் நிற்கிறது என்பது மட்டும் நீ அறிய வேண்டியது. போன முறை என் பேனா முனையில் நீ நின்றாய். அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. தெரியவைத்தவன் நீ.

நேற்றிரவு உண்ணும்போது உன் அம்மாவிடம் செலவுகளைப் பற்றிப் பேச முயன்றேன். அவள், "மாவு ஆட்டி விக்கிறேன். அத்தை வீட்டுத் தேங்கா இருக்கு. நீங்க வீட்டுல இருந்தா மாவுப் பொட்டலத்துக்கு நம்பர் போட்டு அடுக்குங்க. இருவத்தி ரெண்டு வருசப் பழக்கம் வீணாப் போவாது" என்றாள். மேகலாவிடமும் சொன்னேன். அவர், "அண்ணே, நீங்க கட்டத்த வெறுமையா விடுறீங்களா? அப்ப உலகம் அழியப் போவுது. நான் போயி பூனைக்கு மீன் வாங்கி வச்சிக்கிறேன்" என்றார். இப்படிப்பட்டவர்கள் என்னைச் சுற்றி இருக்க நான் இதுவரை படிவங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உனக்கு அறிவுரை என்று சொல்ல என்னிடம் இப்போது அதிகம் இல்லை. விதிகளை மதி. அதை நான் திரும்பப் பெறவில்லை. விதி இல்லாத இடத்தில் எளியவனுக்கு யாரும் இல்லை என்பதைத் தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பம் அறியும். ஆனால் விதி என்ற பெயரில் ஒரு தாள் வந்தால், அதை யார் எழுதினார், எதற்காக, எதுவரைக்கும் என்று கேள். யாராவது போர் என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்தால், நீ பேச்சைத் தொடங்கு. உன்னைப் பற்றிய கேள்விக்கு நீ விருப்பம்போல் விடை சொல்லலாம். இன்னொருவரைப் பற்றிய கேள்வியை முதலில் அவரிடம் எடுத்துச் செல். இதை நான் உன்னிடமிருந்து, நீ நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்திலிருந்து கற்றேன். வெறுமையான கட்டம் பூட்டாத கதவு என்று உனக்குச் சொன்னேன். அது தவறல்ல. ஆயினும் பிறரை அந்தக் கதவுக்குள் தள்ளிவிடாமல் தானே வாசலில் நிற்பதற்காகவும் ஒருவன் அதைத் திறந்து வைக்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஆகவே, முனியாண்டியின் மகன் சந்திரசேகரன் ஆகிய நான் இதன்வழி அறிவிப்பது: நாளை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் படத்தை உறையிலிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஒப்பிடும் பணியை ஏற்க இயலாது என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாளும் அதனோடு இருக்கும். சென்ற முறை என் மகனைப் பற்றி அவன் அனுமதியின்றித் தந்த விவரத்தை மீட்டுக்கொள்கிறேன் என்று இரண்டாவது தாளில் எழுதுவேன். அவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். ஆனாலும் அது கோப்பில் இருக்கும். பிறகு என் படிவத்தில் ஆறு கட்டங்களை உண்மையாக நிரப்புவேன். எட்டையும் ஒன்பதையும் பத்தையும் உண்மையாக நிரப்புவேன். ஏழாவது கட்டத்தை வெறுமையாக விடுவேன். குறுக்குக் கோடு போடமாட்டேன். கோடு போட்டால் பொருந்தாது என்று பொருள், அது பொய்யாகும். பின்னாளில் யாரேனும் அந்தக் கட்டத்தில் ஏதேனும் எழுதியிருக்கக் கண்டால் அது நான் எழுதியது அல்ல. அதற்குச் சாட்சியாகவே இதைத் திறந்த கடிதமாக எழுதினேன். என் கையெழுத்தை நீ அறிவாய்.

அப்பா